தனுஷ்கோடியில் எடுத்த கடற்போர்

1

வியாழக்கிழமை மாலை நாலு இருபதுக்கு வாசல் மணி அடித்தது. இங்கே தம்மாமில் வியாழன் எங்களுக்கு விடுமுறை நாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே திரையை இழுத்துவிட்டுத் தூங்கும். அந்த நேரத்தில் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை.

கதவைத் திறந்தால் கீழ்த்தளத்து சித்தீக் நின்றான். பக்கத்தில் அவன் மனைவி. சித்தீக் தொண்டிக்காரன், எனக்குப் பல வருடப் பழக்கம். தனியாக வந்தால் கேரம் ஆட வருவான். குடும்பத்தோடு வருவதென்றால் முதலில் போன் செய்வான். அன்று செய்யவில்லை.

"சும்மாதான் வந்தோம்ணே," என்றான்.

அவன் மனைவி என்னைப் பார்க்காமல் நேராகச் சமையலறைக்குப் போய் என் மனைவி சபியாவின் அருகில் நின்றுகொண்டாள். சித்தீக் சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். தேநீர் வேண்டாம் என்றான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வளைகுடாவில் இருப்பவனுக்குச் சாவுச் செய்தியை யாரும் நேரடியாகச் சொல்வதில்லை. ஊரிலிருந்து முதலில் அவனுடைய கூட்டாளிக்குத்தான் போன் வரும். கூட்டாளி வந்து அருகில் உட்காருவான். அத்தாவுக்குக் கொஞ்சம் முடியலையாம், ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துரு என்பான். கேட்பவனுக்கும் புரிந்துவிடும். இருந்தாலும் விமானம் ஏறும்வரை இரண்டு பேரும் அந்தக் கொஞ்சம் முடியலையைப் பிடித்துக்கொண்டே பேசுவார்கள். கமுதிப் பக்கத்து வேலுச்சாமி என்பவருடைய அய்யா இறந்தபோது நானே அவர் கட்டிலில் போய் உட்கார்ந்திருக்கிறேன். நானும் "சும்மாதான் வந்தேன்" என்றுதான் சொன்னேன்.

"ரியாஸுக்கு லேசா காய்ச்சலாம்ணே," என்றான் சித்தீக். "ஆஸ்பத்திரில சேர்த்திருக்காகளாம். ஜமால் அண்ணன்தான் போன் போட்டாரு. நீங்க பதறுவீகன்னு எனக்குப் போட்டிருக்காரு."

ரியாஸ் என் மகன். வயது பதினெட்டு. ஜமால் என் மனைவியின் அண்ணன். கல்லூரிக்காக நாங்கள் ஊருக்கு அனுப்பியதிலிருந்து மகன் திருப்பாலைக்குடியில் ஜமால் வீட்டில்தான் இருந்தான்.

என் மகன் இறந்துவிட்டான் என்று அந்த நிமிடத்தில் நான் முடிவு செய்தேன்.

2

இது நடந்து ஒரு வருடமாகிறது. போன வாரம் சித்தீக் என்னைப் படத்துக்குக் கூப்பிட்டான். "பஹ்ரைன்ல புதுப் படம்ணே. யானை, குதிரை, கோட்டை எல்லாம் இருக்காம். ஒரு மாத்தமா இருக்கும், வாங்க." வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவன் வற்புறுத்தவில்லை. அன்று இரவு முழுக்க உட்கார்ந்து யோசித்ததுதான் இந்தக் குறிப்புகள்.

சவூதியில் சினிமாக் கொட்டகை கிடையாது. படம் பார்க்க வேண்டுமென்றால் கடல் மேல் போட்ட பாலத்தைக் கடந்து பஹ்ரைனுக்குப் போக வேண்டும். பாலத்தின் நடுவில் குடியேற்றச் சாவடி. விடுமுறை மாலைகளில் கார் வரிசை அரை மணிக்கு ஒரு அடி நகரும். மூன்று மணி நேரப் படத்துக்காக அதைவிட அதிக நேரம் வரிசையில் நின்றிருக்கிறோம். போனவர்களில் யாரும் குடும்பப் படத்துக்காகவோ சிரிப்புப் படத்துக்காகவோ அந்தப் பாலத்தைக் கடந்ததாக எனக்கு நினைவில்லை. வாள் வேண்டும். கோட்டைக் கதவு உடைய வேண்டும். ஆயிரம் பேர் ஒரே குரலில் கத்த வேண்டும்.

அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று இப்போது யோசிக்கிறேன். எழுபத்து நாலில், எனக்குப் பத்து வயதில், ஆர்.எஸ்.மங்கலத்துக் கூடார சினிமாவில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தபோது கத்திச் சண்டை பிடித்தது, அவ்வளவுதான். காரணம் எதுவும் தேவைப்படவில்லை. இங்கே வந்து தொழிலாளர் முகாமில் இருந்த வருடங்களில்தான் காரணம் வந்தது. ஒரு அறையில் எட்டுப் பேர். வெள்ளிக்கிழமை வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட். பக்கத்து அறையிலிருந்து பெஷாவர்க்காரர்களும் வங்காளிகளும் வந்து நிற்பார்கள். ஒரு சொல் புரியாது. ஆனால் வில்லன் விழும்போது எல்லோரும் சேர்ந்து தொடையில் தட்டுவார்கள்.

எங்கள் வாழ்க்கையில் அடி எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. சம்பளம் நின்றால் நிறுத்தியவன் யார் என்று தெரியாது. விசா மறுத்தால் ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவன் தலையை அசைப்பான், அவனுக்கும் காரணம் தெரியாது. அந்தப் படங்களில் அப்படி இல்லை. கெடுத்தவனுக்கு முகம் இருக்கிறது. அடிக்கிறவனும் எதற்காக அடிக்கிறேன் என்று சொல்லித்தான் அடிக்கிறான். சாகிறவனுக்குக்கூட அங்கே நேரம் உண்டு. நண்பன் மடியில் தலை வைத்து, சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் கண்ணை மூடுகிறான்.

ரியாஸ் ஏழு வயதிலிருந்து என்னோடு பாலம் கடந்தவன். இங்குள்ள இந்தியப் பள்ளியில் அவன் படித்தது ஆங்கிலமும் இந்தியும். தமிழ் அவனுக்குப் படங்களிலிருந்துதான் வந்தது, அதுவும் ராஜா படங்களிலிருந்து. விடுமுறையில் ஊருக்குப் போனால் மீன் வாங்கும் இடத்தில் நின்று, "இதன் விலை என்ன, சொல்லுங்கள்," என்பான்.

"ஏலே, ராசா எறங்கி வந்திருக்காரு. பாயை விரிங்கடா," என்று மீன்காரம்மா சிரிப்பார். அவனும் கூச்சப்படாமல் சிரிப்பான். கோபம் வந்தால் என்னிடமே, "இது நியாயமா அத்தா?" என்று மார்பை நிமிர்த்திக் கேட்பான். சபியா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் படிக்க இங்கே கல்லூரி கிடையாது. அனுப்பித்தான் ஆக வேண்டும். ராமநாதபுரத்தில் பொறியியல் கல்லூரியில் சேர்த்துவிட்டு வந்தேன். முதல் இரண்டு மாதம் தினமும் போன் செய்தான். பிறகு வாரம் ஒருமுறை. பிறகு நாங்கள் செய்தால் எடுத்தான். "வேலையாக இருக்கிறேன் அத்தா" என்பான். படிக்கிற பையனுக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

அவன் போன பிறகு நானும் பாலம் கடப்பதை விட்டுவிட்டேன். அதனால் என் பாஸ்போர்ட்டில் போய்வரும் விசா காலாவதியாகிக் கிடந்தது. அது இல்லாமல் சவூதியை விட்டு வெளியேற முடியாது. பாஸ்போர்ட் கம்பெனியில் இருந்தது. கம்பெனி சனிக்கிழமைதான் திறக்கும்.

3

சித்தீக் எதிரில் உட்கார்ந்திருக்க, ஜமாலுக்குப் போன் போட்டேன்.

"ரியாஸ்ட்ட குடு."

"தூங்குறான் மச்சான். டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டாரு."

"என்ன காய்ச்சல்?"

"தண்ணில கொஞ்சம் நனைஞ்சுட்டான். அதான். நீங்க பதறாதீக. முடிஞ்சா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

"வல்லாஹி சொல்லு ஜமால். என் மகன் உசுரோட இருக்கான்னு வல்லாஹி சொல்லு."

"என்ன மச்சான், பெரிய பெரிய வார்த்தையெல்லாம் பேசுறீக," என்றான்.

ஜமால் ஐந்து வேளை தொழுகிறவன். அல்லாஹ்வின் பேரால் பொய் சொல்ல மாட்டான். அவன் சத்தியம் செய்யாமல் ஒதுங்கியது எனக்குப் போதுமானதாக இருந்தது. பின்னால் கேட்டபோது அவன் சொன்னான்: ரியாஸ் அப்போது செயற்கை மூச்சுக் குழாயோடு கிடந்தானாம். போனை வைப்பதற்குள் என்ன ஆகுமோ என்று தெரியாமல் எப்படிச் சத்தியம் செய்வது என்று பயந்தானாம்.

சபியா போனை வாங்கினாள். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "சாப்பிட்டியாண்ணே?" அவன் ஏதோ சொன்னான். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இருக்கான்."

"எப்படிச் சொல்றே?"

"ஆஸ்பத்திரி வாசல்ல ரெண்டு புரோட்டா தின்னேன்னுச்சு. மருமகன் மவுத்தாயிருந்தா எங்கண்ணனுக்குப் புரோட்டா எறங்குமா?"

"நீ இப்படித்தான் நெனப்பேன்னு தெரிஞ்சு சொல்லியிருப்பான்."

"எங்கண்ணனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கெடையாது," என்றாள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் இரண்டு விதமாக இருந்தோம். அவள் மகனுக்குப் பெட்டி அடுக்கினாள். பேரீச்சம்பழம், அவனுக்குப் பிடித்த பாலாடைக்கட்டி, ஒரு சட்டை. நான் ஜும்ஆ தொழுகையில் அவன் மறுமைக்காக துஆ கேட்டேன். ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்தோம், எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். எங்கள் கம்பெனியில் விசா, பாஸ்போர்ட் வேலைகளைப் பார்ப்பவர் ஒரு வயதான சவூதிக்காரர். அரபியில் முஅக்கிப் என்பார்கள். விடுப்பு மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும், முடியாது என்றார். மகனுக்கு உடம்பு சரியில்லை என்றேன். எல்லார் மகனுக்கும் உடம்பு சரியில்லாமல் போகும், அடுத்த வாரம் வா என்றார். ரத்த சொந்தத்தில் மரணம் என்றால்தான் உடனே அனுப்ப முடியும், அதுதான் விதி என்றார்.

எனக்கு அரபி கடைக்காரரிடம் பேசுகிற அளவுக்குத்தான் வரும். அந்த அளவு போதுமானதாக இருந்தது.

"இப்னி மாத்," என்றேன். என் மகன் இறந்துவிட்டான்.

அதுவரை அதை நான் தமிழில்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் எழுந்து மேசையைச் சுற்றி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. தானே காரை எடுத்துக்கொண்டு குடியேற்ற அலுவலகம் போனார். மதியத்துக்குள் எனக்கும் சபியாவுக்கும் விசா அடித்துவிட்டது. என் பயணச்சீட்டுக்கும் அவரே ஏற்பாடு செய்தார். சபியா காரில் காத்திருந்தாள். உள்ளே என்ன சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை.

4

கொழும்பு வழியாகத் திருச்சி. ஜமால் வரவில்லை, கார் அனுப்பியிருந்தான். ஓட்டுநர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் பெட்டிகளை ஏற்றினார். ஆஸ்பத்திரியில் என்ன சொல்கிறார்கள் என்று சபியா கேட்டதற்கு, "நான் வாடகை வண்டிம்மா. ஏத்திட்டு வரச் சொன்னாக," என்றார்.

ஆர்.எஸ்.மங்கலத்தில் பாதை பிரியும். இடது பக்கம் திரும்பினால் எங்கள் ஊர், வீடு, பள்ளிவாசல், அடக்கம் செய்யும் கபர்ஸ்தான். நேராகப் போனால் ராமநாதபுரம் ஆஸ்பத்திரி. தேவகோட்டை தாண்டியதிலிருந்து நான் ஓட்டுநரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி நேராகப் போனது. சபியா என் முழங்கையை அழுத்தினாள். இன்னும் பிணவறையில்தான் வைத்திருக்கிறார்களா என்று நான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் மூன்று நாள் உறுதியாக இருந்த சபியா உடைந்துபோனாள். வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்து ஓடினாள். அந்தப் பெண்களில் ஒருத்தியின் தோளைப் பிடித்து, "யாரு, யாரு?" என்று உலுக்கினாள்.

"எங்க நம்புராசனம்மா," என்றாள் அந்தப் பெண். "ராமேஸ்வரத்துப் புள்ள. இன்னைக்குத்தான் கரை ஒதுங்குனான்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் சபியா.

இறைவனுக்கே புகழ் என்று அர்த்தம். சத்தமாகவே வந்துவிட்டது. அழுகை ஒரு நொடி நின்றது. பக்கத்தில் லுங்கியை மடித்துக்கட்டி ஒரு மனிதர் நின்றிருந்தார். அவர் சபியாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்ததா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. சபியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரியாஸ் மேல்தளத்தில் இருந்தான். மூக்கில் குழாய். உதடு வெடித்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான், மூடிக்கொண்டான். அவன் பாதத்தைத் தொட்டேன், சூடாக இருந்தது. வெகுநேரம் அதை விடவில்லை.

நடந்தது என்ன என்பதை ஜமால் அன்று மாலைதான் முழுதாகச் சொன்னான். சென்னையிலிருந்து ஒரு படக் கம்பெனி தனுஷ்கோடியில் வந்து இறங்கியிருந்தது. பழைய காலத்துக் கடற்போர். நாட்டுப் படகுகளின் மேல் பலகை அடித்துக் கப்பல் மாதிரி செய்திருந்தார்கள். போர்வீரர்களாக நிற்க சுற்றுவட்டாரத்துப் பையன்களை ஓர் ஏஜண்ட் பிடித்தார். ரியாஸ் கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இரண்டு வாரமாக அங்கேதான் போயிருக்கிறான். முதலில் கரையில் ஈட்டியோடு நின்றவன். பிறகு கப்பல் முனையில் நின்று எதிரிக் கப்பலைப் பார்த்து ஒரு வரி கத்துவதற்கு ஆள் தேவைப்பட்டிருக்கிறது. கடற்கரைப் பையன்கள் சொன்னால் அது கடற்கரைப் பேச்சாகவே வந்தது. ரியாஸ் சொன்னது ராஜா படத்துத் தமிழ். அவனை ஏற்றிவிட்டார்கள்.

நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. "எந்த ஊரு?" என்று ஏஜண்ட் கேட்டார். "திருப்பாலைக்குடி" என்றான். அதோடு முடிந்தது. திருப்பாலைக்குடிப் பையனிடம் எங்கள் பக்கத்தில் யாரும் நீச்சல் தெரியுமா என்று கேட்க மாட்டார்கள். நடக்கத் தெரியுமா என்று கேட்பது போல அது. அவன் தம்மாமில் மூன்றாவது மாடியில் வளர்ந்தவன் என்பது ஏஜண்டுக்கு எப்படித் தெரியும்?

காற்று திரும்பி மேல்பாரம் சாய்ந்து படகு கவிழ்ந்தது. எல்லோருக்கும் மார்க்கவசம் மாட்டியிருந்தார்கள். அதை முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டுக் கட்டுவார்கள், தானாக அவிழ்க்க வராது. நீச்சல் தெரிந்தவர்களே திணறினார்கள். ரியாஸுக்கு அடுத்து துடுப்போடு நின்றவன் அந்த நம்புராஜன். ரியாஸைக் கவிழ்ந்த படகின் மேல் தள்ளிவிட்டது அவன்தான். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

நான் பார்த்த படங்களில் அந்த இடத்தில் இசை ஏறும். நண்பன் ஒரு வார்த்தை சொல்வான்.

"அவன் ஏதாவது சொன்னானா?" என்று ரியாஸிடம் ஒருநாள் கேட்டேன்.

"இல்ல அத்தா. இருமுனான்."

அவ்வளவுதான். அதன் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை. பேசிய கொஞ்சத்திலும் அந்தப் பழைய நிமிர்வான தமிழ் இல்லை. இப்போதும் இல்லை.

முஅக்கிப் இன்றும் என்னைக் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு, இறந்தவர்களுக்குச் சொல்வதுபோல, அல்லாஹ் அவனுக்கு ரஹ்மத் செய்யட்டும் என்கிறார். ரமலானில் என் மகன் பேரில் பள்ளிவாசலுக்குப் பேரீச்சம்பழம் கொடுத்ததாகச் சொன்னார். மகன் பிழைத்துவிட்டான் என்று சொல்ல எனக்குச் சொற்கள் தெரியும். ஆனால் பொய் சொல்லி விசா வாங்கினேன் என்று ஆகிவிடும். தலையைக் குனிந்து ஆமீன் என்கிறேன். ஒவ்வொரு தடவையும் அன்று ரியாஸுக்குப் போன் செய்து குரலைக் கேட்டுவிட்டுத்தான் தூங்குகிறேன்.

5

ரியாஸை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு எங்களுக்கு ஒரே பயம்தான் மிச்சம் இருந்தது. நம்புராஜன் வீட்டிலிருந்து யாராவது வருவார்கள். நீச்சல் தெரியாதவன் எதற்குப் படகில் ஏறினான், அவனைத் தூக்கிவிடப் போய்த்தானே எங்கள் பிள்ளை போனான் என்று கேட்பார்கள். கேட்டால் நியாயம்தான். சபியாவுக்கு அதைவிடப் பெரிய பயம், ஆஸ்பத்திரி வாசலில் அவள் வாயிலிருந்து வந்த அந்தச் சொல். "அவுக மொகத்துல நான் எப்படி முழிப்பேன்," என்பாள். நாமே போக வேண்டும் என்று ஜமால் சொன்னான். நான் இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். காரியம் முடியட்டும் என்றேன். ரியாஸ் தெம்பாகட்டும் என்றேன்.

நாங்கள் தம்மாமுக்குத் திரும்புவதற்கு முந்தைய நாள் காலை அவர்களே வந்துவிட்டார்கள். இரண்டு பேர்தான். லுங்கி மடித்துக்கட்டிய அந்த மனிதர், அன்று வாசலில் நின்றவர், நம்புராஜனின் அய்யா. பேர் முனியாண்டி. தலை மழித்திருந்தார். கூட அவர் மனைவி.

நான் எழுந்து நின்றேன். ஜமால்தான் நாற்காலி எடுத்துப் போட்டான். சபியா உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நம்புராஜனின் அம்மா அவளையே பார்த்தாள். பிறகு, "தண்ணி குடு தாயி, வெயில்ல வந்தோம்," என்றாள். சபியா உள்ளே ஓடினாள். செம்பு கீழே விழும் சத்தம் கேட்டது.

ரியாஸ் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். முனியாண்டி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மேலு தேவலையாப்பா?"

அவன் தலையசைத்தான்.

"என்னங்கய்யா சொல்றது," என்று நான் தொடங்கினேன். "நாங்க வந்திருக்கணும். நீங்க வந்து..."

"இருக்கட்டும் பாய்," என்றார். "நாங்க சண்டை போட வரலை. இவ ராத்திரி பூராம் தூங்கமாட்டேங்குறா. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."

சபியா தண்ணீர் கொண்டுவந்தாள். அந்த அம்மா வாங்கிக் குடித்தாள். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது சபியாவின் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள், விடவில்லை.

முனியாண்டி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"எம் மகன் போட்டோ எங்ககிட்ட இல்ல பாய். சின்னதுல பள்ளிக்கூடத்துல எடுத்தது ஒண்ணுதான் கெடக்கு. அந்தப் படம் வந்தா கொட்டகைல போயிப் பாக்கணுங்குறா இவ. ஆனா அம்புட்டுப் பயலுக்கும் ஒரே உடுப்பு, ஒரே ஒட்டு மீசை. எங்களுக்கு அடையாளம் தெரியாது. உங்க மகன் ஒருநா எங்ககூட வரட்டும். எந்த எடத்துல நிக்கிறான்னு காட்டட்டும். வேறொண்ணும் வேணாம்."